தோசை மிக்ஸ் வேண்டாம், அடை மாவு அனுப்புங்கள்

வெளியூரில் படிக்கிற, வேலை பார்க்கிற பிள்ளைகளுக்கு வீட்டிலேயே இன்ஸ்டன்ட் தோசை மிக்ஸ் செய்து அனுப்புவது எங்கள் செம்பூர் பக்கம் இப்போது குடிசைத் தொழில் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பில்டிங்கில் மட்டுமே நாலு வீட்டில் நடக்கிறது. அரிசி மாவு, உளுந்து மாவு, கொஞ்சம் வெந்தயப் பொடி, உப்பு, ஆப்ப சோடா, புளிப்புக்கு எலுமிச்சை உப்பு (இங்கே கடையில் நிம்பு ஃபூல் என்று கேட்க வேண்டும்). எல்லாம் கலந்து டப்பாவில் அடைத்தால் ஒன்று பூனாவுக்குப் போகிறது, ஒன்று டேராடூனுக்கு, ஒன்று ஜெர்மனிக்கு.

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாக அனுப்புங்கள். ஆனால் தோசை மிக்ஸ் அனுப்பாதீர்கள். அடை மாவு அனுப்புங்கள், இல்லையென்றால் ரவா தோசை மாவு அனுப்புங்கள். எங்கள் வீட்டுத் தங்கமணி இதற்குத் தலையாட்ட ஒரு வருஷம் ஆனது :)

மும்பையில் இருக்கிற வரைக்கும் நமக்கு இந்தக் கவலையே கிடையாது. விடிவதற்கு முன்னால் தாராவியில் இட்லி வெந்து, சைக்கிளில் அலுமினியப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரன் அடித்தபடி ஆட்கள் நகரம் பூராவும் கிளம்பிவிடுகிறார்கள். மாட்டுங்கா ஸ்டேஷனை விட்டு இறங்கினால் வாழையிலை, காப்பிப் பொடி, அப்பளம், அரைத்த மாவு எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில். கஃபே மெட்ராஸ் 1940லிருந்து அங்கே தோசை ஊற்றிக்கொண்டிருக்கிறது. ராமா நாயக் உடுப்பி 1942லிருந்து. செம்பூரில் முருகன் கோயில் இருக்கும் செட்டா நகர்ப் பக்கம் போனாலும் அதே கதைதான். ஊரை விட்டு ஆயிரம் மைல் தள்ளி வந்தும் தோசைக்காக ஏங்காத கூட்டம் நாம். பிள்ளை இந்த ஊர் எல்லையைத் தாண்டும்போதுதான் பிரச்சனை ஆரம்பிக்கிறது.

சரி, மிக்ஸில் என்ன குறை? தோசை மாவு என்பது அரிசியும் உளுந்தும் கலந்த தண்ணீர் இல்லை. உளுந்தை ஊறவைத்து கிரைண்டரில் ஓட்டும்போது அது காற்றை உள்ளே வாங்கிப் பஞ்சு மாதிரி பொங்குகிறது. அதில் இருக்கும் வழவழப்பு, ராத்திரி முழுக்க மாவு புளிக்கும்போது உண்டாகிற வாயுவை விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. மும்பை வெயிலிலும் புழுக்கத்திலும் எட்டு மணி நேரத்தில் மாவு பாத்திரத்தை விட்டு வழிந்துவிடும். புளிப்பும் வாசனையும் அந்த எட்டு மணி நேரத்தில் வருகிறவை. காய்ந்த உளுந்தை மிஷினில் பொடியாக்கினால் இந்த வேலை பாதிதான் நடக்கும். அதற்கு ஈடு கட்டத்தான் சோடாவும் எலுமிச்சை உப்பும். தண்ணீர் பட்டவுடன் இரண்டும் சேர்ந்து நுரைக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். முதல் தோசை பரவாயில்லை. நாலாவது தோசைக்குள் மாவு செத்துவிடும். வெளுத்துப் போய், ஓரம் மொறுமொறுப்பு இல்லாமல், நாக்கில் சோடா வாடையோடு ஒன்று வரும். அதற்குத் தோசை என்று பெயர்.

சோடா போடாமல் கரைத்து ராத்திரி முழுக்க வைத்தால் புளிக்காதா என்று கேட்பீர்கள். புளிக்கும், ஓரளவுக்கு. ஆனால் ஜனவரி மாதம் டேராடூனில் வைத்துப் பாருங்கள். காலையில் அடியில் மாவும் மேலே தண்ணீருமாக, முந்தின ராத்திரி விட்ட இடத்திலேயே நிற்கும்.

ருசி மட்டும்தான் பிரச்சனை என்றால் நான் இவ்வளவு எழுத மாட்டேன். பிள்ளைகள் இதை நம்மிடம் சொல்வதில்லை. போனில் கேட்டால் "நல்லா இருந்துச்சும்மா" என்று ஒரே வார்த்தை. அம்மா நாலு நாள் கஷ்டப்பட்டு செய்தது என்று அதுகளுக்குத் தெரியும். அதனால் பொய் சொல்கின்றன. ராத்திரி ஒன்பது மணிக்கு வேலை முடிந்து ரூமுக்கு வந்து, ஒட்டிப் பிடித்த இரண்டு தோசையைச் சுரண்டி எடுத்துவிட்டு, மூன்றாவது நாளிலிருந்து பிரெட்டும் மேகியும்தான். எங்கள் பில்டிங்கில் ஒரு வீட்டில் பையன் தீபாவளிக்கு வந்தபோது முக்கால் டப்பா மிக்ஸ் வண்டோடு திரும்பி வந்தது. அவன் அம்மா ஒன்றும் பேசவில்லை. டப்பாவைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார்கள். அனுப்புகிறவர்களுக்குத் திருப்தி, சாப்பிடுகிறவர்களுக்குப் பட்டினி என்றால் அந்த டப்பா எதற்கு?

பெங்களூர் எம்.டி.ஆர். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1924ல் ஆரம்பித்த கடை. இரண்டாம் உலகப்போரின்போது அரிசிக்குத் தட்டுப்பாடு வந்தது. இட்லிக்கு அரிசி இல்லை. அவர்கள் ரவையை எடுத்தார்கள், தயிர் விட்டார்கள், சோடா போட்டார்கள், ஆவியில் வேகவைத்தார்கள். ரவா இட்லி அப்படிப் பிறந்ததாகத்தான் அவர்கள் சொல்கிறார்கள். எனக்கு இதில் பிடித்தது என்னவென்றால், அரிசி இட்லி மாதிரியே ஒன்றைச் செய்து அந்தப் பெயரிலேயே தள்ளிவிடப் பார்க்கவில்லை. வேறு பண்டம், வேறு ருசி, ரவா இட்லி என்று தனிப் பெயர். அதனால்தான் அரிசி திரும்பக் கிடைத்த பிறகும் ஜனங்கள் அதைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

பிறகு வந்த பாக்கெட் யுகம் வேறு. பூனாவின் கிட்ஸ் கம்பெனி 1963லேயே வந்துவிட்டது. எமர்ஜென்சி சமயத்து விலைக் கட்டுப்பாட்டில் ஹோட்டல் கட்டுப்படியாகாமல் எம்.டி.ஆரும் பாக்கெட்டுப் பக்கம் தீவிரமாக இறங்கியது. அந்தப் பாக்கெட் வியாபாரத்தை 2007ல் நார்வேயின் ஓர்க்லா வாங்கியது. இவர்களுக்குப் பெரிய மிஷின் இருக்கிறது, லேப் இருக்கிறது. நம் சமையலறையில் இருக்கிற மிக்ஸியை வைத்துக்கொண்டு அதே வேலையை அவர்களை விட நன்றாகச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோசை மிக்ஸ்தான் வேண்டுமென்றால் பாக்கெட்டே வாங்கிக் கொடுத்துவிடலாம்.

பி.காம் படித்தவனுக்கு வரி ஞாபகம் வராமல் இருக்குமா. 2017 நவம்பரில் அரைத்த ஈர மாவுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ஆனது. காய்ந்த மிக்ஸ் பொடிக்கோ 18 சதவீதம். மாவா பொடியா என்று வழக்கெல்லாம் நடந்தது. 2025 செப்டம்பர் 22லிருந்துதான் பொடியும் 5க்கு வந்தது. இரண்டும் ஒன்றில்லை என்று எட்டு வருஷம் சர்க்காரே சொல்லிக்கொண்டிருந்தது என்று தங்கமணியிடம் எடுத்துக் கொடுத்தேன். "பேங்க்ல போய்ச் சொல்லுங்க" என்றாள்.

புளிக்கவே தேவையில்லாத தோசைகள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன! அடை, ரவா தோசை, கோதுமை மாவைக் கரைத்து ஊற்றும் கரைச்ச மாவு தோசை. எதுவுமே அவசரத்துக்குக் கண்டுபிடித்த போலி இல்லை. பாட்டி காலத்திலிருந்து அப்படியேதான் செய்கிறோம். பொடியாக அனுப்பினாலும் அதன் குணம் மாறாது.

எங்கள் வீட்டு அடைக் கணக்கு இது. இட்லி அரிசி 2 கப், துவரம்பருப்பு 1, கடலைப்பருப்பு 1, உளுந்து கால் கப், வற்றல் மிளகாய் 8, பெருங்காயம், உப்பு. அரிசியையும் பருப்பையும் தனித்தனியாக, நிறம் மாறாமல் கை பொறுக்கிற சூட்டுக்கு மேல் வறுக்க வேண்டும். பச்சை வாசனையும் போகும், வண்டும் சீக்கிரம் வராது. கறிவேப்பிலை நொறுங்குகிற அளவுக்குக் காய வேண்டும். அரைப்பது ரவை பதம், நைசாக அரைத்தால் அடை களியாகிவிடும். சக்கியில் கொடுத்தால் "பையா, தோடா மோட்டா பீஸ்னா" என்று இரண்டு தடவை சொல்லுங்கள். கோதுமை அரைத்த கையோடு நம்முடையதைக் கொட்டினால் முதல் கால் கிலோ சப்பாத்தி மாவுதான் வரும், அரிசி ஓட்டுகிற நேரம் பார்த்துப் போங்கள். மாவு முழுக்க ஆறுவதற்கு முன் மூடினால் மூடியில் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் ஒரு மாசத்துக்கு மேல் சேர்த்து அரைக்கவே வேண்டாம். பிள்ளை செய்ய வேண்டியது வெந்நீரில் கரைத்து அரை மணி ஊற வைப்பது மட்டும். வெங்காயம் இருந்தால் நறுக்கிப் போடலாம்.

ரவா தோசை இன்னும் சுலபம். வறுத்த ரவை ஒரு பங்கு, அரிசி மாவு ஒரு பங்கு, மைதா கால் பங்கு, மிளகு, சீரகம், உப்பு. நீர்மோர் மாதிரி கரைத்து, கால் மணி விட்டு, நன்றாகக் காய்ந்த கல்லில் ஓரத்திலிருந்து ஊற்ற வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் வெறும் அலுமினியக் கல் சூடாகாது. காந்தம் ஒட்டுகிற அடிப்பாகமாகப் பார்த்து அதையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

அடை மாவில் இன்னொரு லாபம், வீட்டுப் பெண்களுக்கு. தோசை மிக்ஸுக்கு அரிசியையும் உளுந்தையும் கழுவி நிழலில் உலர்த்துகிறார்கள். ஒன் பிஹெச்கே ஃபிளாட்டில் நிழல் என்றால் ஹால்தான். ஃபேனுக்கு அடியில் வேட்டியை விரித்துப் பரப்பிவிட்டு இரண்டு நாள் எல்லோரும் சுவரோடு ஒட்டி நடக்க வேண்டும். அடைக்கு ஈரத்துணியால் துடைத்து வறுத்தால் போதும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிந்துவிடும். சக்கிக்குத் தூக்கிக்கொண்டு போவதை ஆண்கள் செய்யலாம், தப்பில்லை. காசு மிச்சம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கூரியர் செலவே சரக்கு விலையைத் தாண்டிவிடும்.

அமெரிக்கா போகிறவர்கள் மாவைக் கைப்பையில் வைக்காதீர்கள். 2018 ஜூன் 30லிருந்து அங்கே போகும் விமானங்களில் 350 மில்லி அளவுக்கு மேல் எந்தப் பொடி இருந்தாலும் தனியாகச் சோதிப்பார்கள், எடுத்துவிடவும் செய்யலாம். செக்-இன் பெட்டியில் போட்டு, மேலே என்ன மாவு என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

எங்கள் பொண்ணு டேராடூனில் இன்னும் இரண்டு பெண்களோடு அறை எடுத்து இருக்கிறாள். போன மாசம் டப்பா காலியாகிவிட்டது என்று அவளே போன் பண்ணினாள். அடுத்த தடவை மிளகாய் நாலு போதுமாம், கூட இருக்கிற கட்வாலி பொண்ணுக்குக் காரம் தாங்கவில்லையாம். அளவு மட்டும் இரண்டு மடங்கு.