வெயிலில் கரையும் ஏழையின் சொத்து

கடுங்கோடையில் எல்லா ஆடுகளும் சாவதில்லை, மெலிகின்றன. அந்த மெலிவு நிவாரணக் கணக்கில் ஏறுவதில்லை என்பதே உழைக்கும் மக்களின் இழப்பு.

ஆட்டின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ். வெயில் மிகும்போது அது வேகமாக மூச்சிரைத்து உடலைத் தணிக்க முயல்கிறது. நீரும் ஆற்றலும் அதிலேயே செலவாகின்றன. உண்ட தீவனம் வயிற்றில் நொதிப்பதும் வெப்பத்தை உண்டாக்குவதால், ஆடு இரையைக் குறைத்துக்கொள்கிறது. உயிர் தப்புகிறது, ஆனால் பாலும் எடையும் குறைகின்றன, சினைபிடிப்பும் பாதிக்கப்படுகிறது.

பெங்களூருவிலுள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து, உடலியங்கியல் நிறுவனம் ஒஸ்மனாபாடி, மலபாரி, சேலம் கருப்பு ஆகிய இனங்களை ஒப்பிட்டு ஆய்ந்தது. சேலம் கருப்பே வெப்பத்தை மேலாகத் தாங்கியது. நாட்டினங்களைக் காக்க இது வலுவான காரணம். ஆயினும் ஆட்டின் தாங்குதிறனைக் காட்டி அரசு தன் பொறுப்பைக் கைகழுவ இயலாது.

2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் ஏறத்தாழ 14.9 கோடி வெள்ளாடுகள் உள்ளன. நிலமற்ற குடும்பத்துக்கு ஆடுதான் சேமிப்பு. பள்ளிக் கட்டணமும் மருத்துவச் செலவும் அதை விற்றே நிறைவேறுகின்றன. 2022-26 காலத்துக்கான ஒன்றிய அரசின் விதிகள், அறிவிக்கப்பட்ட பேரிடரில் இறக்கும் ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்கின்றன. மெலிந்த ஆட்டை வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கும்போது ஏற்படும் நட்டத்துக்கு அங்கே இடமில்லை.

மேய்ச்சல் புறம்போக்கை மீட்பது, நிழல்மரம், தண்ணீர்த்தொட்டி, அரசு செலவில் கொட்டகை, வெப்பத்தால் நேரும் உற்பத்தி இழப்புக்கும் ஈடு: இவற்றை விவசாயத் தொழிலாளர்கள் கிராமசபைதோறும் கோரிக்கையாக எழுப்ப வேண்டும்.