ஒன்பது பேர் பெயர், ஒரு ஓட்டைச் சுவர்

நூறு வருஷத்தைத் தாண்டி நிற்கும் கல்லூரிக் கட்டடங்கள் நம் ஊரில் நிறைய உண்டு. செங்கல், சுண்ணாம்பு, உயரமான கூரை, வெயில் நுழையாத வராந்தா. அவற்றுக்கு இப்போது ஒரு புது எதிரி வந்திருக்கிறார். மழையல்ல, கரையானல்ல. நன்கொடையாளருக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாத நிர்வாகம்!

முன்னாள் மாணவர் ஒருவர் வகுப்பறையைப் புதுப்பிக்கப் பணம் தருகிறார். உடனே வாசலில் டிரில்லிங் மெஷின். கறுப்பு கிரானைட்டில் தங்க எழுத்து. தலைவர், செயலர், முதல்வர், சிறப்பு விருந்தினர் என்று ஒன்பது பேர். பணம் கொடுத்தவர் ஏழாவது வரியில் ஒதுங்கி நிற்பார். எவ்வளவு கொடுத்தார், எதற்குக் கொடுத்தார்? அது மட்டும் இருக்காது.

சுண்ணாம்புச் சுவர் தன் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். சிமென்ட் பூசி கிரானைட்டை ஒட்டினால் அந்த வழி அடைபடும். கல்லைச் சுற்றிப் பூச்சு உப்பி உதிரும். அதைச் சரிசெய்ய இன்னொரு நன்கொடையாளர், இன்னொரு கிரானைட்!

'மாடர்னாகச் செய்கிறோம்' என்று டி.வி. திரை மாட்டுகிறவர்கள் வேறு. கரண்ட் போனால் கொடை வள்ளலும் போய்விடுவார்.

தஞ்சைப் பெரிய கோயிலைப் பாருங்கள். ராஜராஜன் தான் கொடுத்ததை மட்டுமா வெட்டச் சொன்னான்? அக்கா கொடுத்தது, ராணிகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும்தான். தங்கம் என்ன எடை, நகையில் எத்தனை முத்து என்பதுவரை கல்லில் இருக்கிறது. பி.காம். பாஷையில் சொன்னால், ஆடிட் ரிப்போர்ட்! 'அவனும் சுவரில்தானே செதுக்கினான்?' என்பீர்கள். அது அவன் கட்டிய கோயில். நாம் ஓட்டை போடுவது யாரோ கட்டிவிட்டுப் போன சுவரில்.

பெயர் சாசுவதம் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகம் தன் கட்டடங்களிலிருந்து ஸாக்லர் குடும்பத்தின் பெயரை 2019-ல் எடுத்துவிட்டது. அந்தக் குடும்பத்தின் கம்பெனி விற்ற வலி மாத்திரை பலரை அடிமையாக்கியது என்பதுதான் காரணம். பெயரை எடுத்துவிடலாம். சுவரில் விழுந்த ஓட்டையை?

வழி ரொம்ப சுலபம். வராந்தாவில் சுவரைத் தொடாமல் ஒரு ஸ்டாண்ட் வையுங்கள். சுவரில்தான் வேண்டும் என்றால், செங்கல்லில் துளைக்காமல், இரண்டு செங்கல்லுக்கு நடுவே உள்ள சாந்தில் ஆணி அடியுங்கள். பின்னால் பூசி மறைத்துவிடலாம். ஐந்நூறு ரூபாய் கொடுத்தவருக்கும் ஐந்து கோடி கொடுத்தவருக்கும் ஒரே அளவு எழுத்து. பெயர், தொகை, வருஷம், செலவான வேலை. அவ்வளவுதான். பணமே தராத சிறப்பு விருந்தினருக்கு ஒரு சால்வை போதும்.

அடுத்த முறை உங்கள் பழைய கல்லூரியிலிருந்து நன்கொடை கேட்டுக் கடிதம் வந்தால், செக்கோடு ஒரு வரியும் எழுதி அனுப்புங்கள்: 'என் பெயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கணக்கைப் போடுங்கள், சுவரைத் தொடாதீர்கள்.'