ஐம்பது வயதில் பல்லுக்குக் கம்பி வேண்டுமா?

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது எம்மவர் மத்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. அவசரமாக விழுங்கும் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் நொறுங்கத் தின்பதற்கு மேற்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று ஒழுங்காகச் சந்திக்க வேண்டும் என்பதை எம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

மொன்றியலில் உள்ள தமிழ் வீடுகளில் பிள்ளைக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதானதும் பல்லுக்குக் கம்பி போடும் பேச்சு வருகிறது. தகப்பன் மேலதிக நேர வேலை செய்தாவது, தாய் சீட்டுப் பிடித்தாவது அந்தப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இது பெருமைப்பட வேண்டிய விடயம். ஆனால் அதே தாய் தகப்பன் இருவரும் இருபது முப்பது வருடங்களாக ஒரு பக்கத்தால் மட்டும் மென்று சாப்பிடுவார்கள். அதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை. "இந்த வயதில் எமக்கென்ன அழகு?" என்று சிரித்து விடுவார்கள். அந்தச் சிரிப்பையும் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிப்பார்கள்.

இந்த எண்ணம் மாற வேண்டும் என்பதே என் கருத்து. பற்கள் பொருந்தாமல் இருப்பது முதலில் உண்பது பற்றிய குறை. அழகு அதற்குப் பிறகுதான். தொல்லை தரும் குறையைத் திருத்துவதற்கு ஐம்பது வயது பிந்திய வயது அல்ல. அதே வேளை, தொல்லை தராத குறையை விளம்பரத்தைப் பார்த்துத் திருத்தப் போக வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதற்கு உதவவே இதை எழுதுகிறேன்.

எமது தலைமுறையின் வாய்

எமது தலைமுறையினரின் பற்கள் பொருந்தாமல் போனதற்குப் பரம்பரை மட்டும் காரணமல்ல. ஊரில் எமது இளமைக் காலத்தில் பல் வலித்தால் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான் இருந்தது, பல்லைப் பிடுங்குவது. சூத்தைப் பல்லை அடைத்துக் காப்பாற்றுவதற்கு வசதியும் குறைவு, போர்க்காலத்தில் அதற்கு மனமும் குறைவு. பதினாறு பதினேழு வயதில் கடைவாய்ப்பல் ஒன்றை இழந்தவர்கள் எம்மிடையே ஏராளம். வலி போய்விட்டது, விடயம் முடிந்தது என்று இருந்துவிட்டோம்.

ஆனால் விடயம் அத்துடன் முடிவதில்லை. ஒரு பல் போன இடத்தில் பக்கத்துப் பல் மெல்ல மெல்லச் சாய்கிறது. எதிர்த் தாடையில் இருக்கும் பல், தன்னைத் தாங்குவதற்கு ஆள் இல்லாதபடியால், அந்த வெற்றிடத்தை நோக்கி நீளுகிறது. சாய்ந்த பல்லின் இடுக்கில் உணவு தங்கி முரசு நோய் தொடங்குகிறது. மெல்லும் பாரம் முழுவதும் மற்றப் பக்கத்துக்குப் போக, அங்குள்ள பற்கள் தேய்கின்றன. இருபது வருடத்தில் ஒரு பல்லின் இழப்பு முழு வாயின் ஒழுங்கையும் குலைத்துவிடக்கூடும்.

சரியான கடி என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வாயை மூடும்போது மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களுக்குச் சற்று வெளியே நின்று, அவற்றின் உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மூட வேண்டும். கடைவாய்ப்பற்களின் மேடுகள் எதிர்ப்பற்களின் பள்ளங்களில் அமர வேண்டும். 1899ஆம் ஆண்டில் எட்வேட் ஏங்கிள் என்ற அமெரிக்கப் பல் வைத்தியர் முதலாம் கடைவாய்ப்பற்கள் சந்திக்கும் விதத்தைக் கொண்டு பொருந்தாக் கடியை மூன்று வகுப்புகளாகப் பிரித்தார். இன்றும் உலகெங்கும் பல் வைத்தியர்கள் அந்தப் பிரிவையே பயன்படுத்துகிறார்கள்.

எல்லாப் பொருந்தாக் கடியும் தீமை செய்வதில்லை. சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறிய முன்பல்லுடன் தொண்ணூறு வயது வரை கச்சான் கடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கீழ்ப்பல் மேலண்ணத்தின் சதையில் குத்திப் புண்ணாக்கினால், முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் உணவைக் கடித்தெடுக்க முடியாமல் இருந்தால், மேற்பல் கீழ்ப்பல்லுக்கு உள்ளே விழுந்து அதன் முரசைத் தேய்த்தால், அல்லது நுனிகள் தேய்ந்து பல் குட்டையாகிக்கொண்டே வந்தால், அது கவனிக்க வேண்டிய நோய்தான்.

நானும் என் ஐம்பத்து மூன்றாம் வயதில் கம்பி போட்டுக்கொண்டவன். என் மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களை முற்றாக மூடிக்கொண்டிருந்தன. கீழ்ப்பற்கள் தேய்ந்து, உள்ளிருக்கும் மஞ்சள் நிறப் பகுதி தெரியத் தொடங்கியிருந்தது. இருபத்தாறு மாதங்கள் கம்பியுடன் நோயாளரைப் பார்த்தேன். ஒரு நாள் இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு அம்மா, "என்ன டொக்டர், பேரப்பிள்ளையள் போடுறதை நீங்கள் போட்டிருக்கிறியள்?" என்று கேட்டுச் சிரித்தார். காரணத்தைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு நாற்பது வருஷமா இடப்பக்கத்தாலைதான் சாப்பிட ஏலும். இதையும் டொக்டரிட்டைச் சொல்லலாமெண்டு எனக்குத் தெரியாது" என்றார். நாற்பது வருடம்! சலரோகத்துக்கும் முழங்கால் வலிக்கும் தவறாமல் வைத்தியரிடம் போன ஒருவர், ஒரு நாளைக்கு மூன்று முறை தன்னை வருத்திய ஒன்றை நோயாகவே எண்ணவில்லை.

பல் எப்படி நகர்கிறது?

"முற்றிய மரத்தை வளைக்க முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பல் எலும்பில் ஆணி போல அறையப்பட்டிருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரில் கால்வாசி அளவேயான மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. பல்லை மென்மையாகவும் தொடர்ச்சியாகவும் ஒரு பக்கம் தள்ளினால், அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பு உண்டாகிறது. இவ்வாறு மாதம் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பல் நகர்கிறது. எலும்பு கரைவதும் உண்டாவதும் உயிருள்ளவரை நடக்கும் காரியம். ஆகவே முரசும் எலும்பும் ஆரோக்கியமாக இருந்தால் பதினைந்து வயதிலும் அறுபது வயதிலும் பல் நகரும். பெரியவர்களில் தொடக்கம் சற்று மெதுவாக இருக்கும், அவ்வளவுதான்.

கருவிகளும் மாறிவிட்டன. 1728இல் பிரான்ஸ் நாட்டுப் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் தம் நூலில், உலோகப் பட்டையில் நூலால் பற்களைக் கட்டி ஒழுங்காக்கும் முறையை விவரித்தார். பின்னாளில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டினார்கள். 1955இல் மைக்கேல் பூனோகோர் பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் தயார்செய்து பசை ஒட்டும் முறையைக் கண்டறிந்த பின்னர், சிறிய பிடிகளை நேரடியாகப் பல்லில் ஒட்டுவதற்கு வழி பிறந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆய்வுகூடத்தில் உருவான நிக்கல்-ரைற்றேனியக் கலப்பு உலோகம் 1970களில் பல் வைத்தியத்துக்கு வந்தது. வளைத்தாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும் அந்தக் கம்பி, மென்மையான விசையை வாரக்கணக்கில் கொடுக்கவல்லது. 1990களின் இறுதியில் கழற்றி மாட்டக்கூடிய ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் அச்சுகளும் வந்தன. எளிய குறைகளுக்கு அவை நன்று. எல்லாக் குறைகளுக்கும் அவை போதாது.

அறிந்திருக்க வேண்டிய எச்சரிக்கைகள்

வைத்தியன் என்ற முறையில் சில விடயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதலாவது, முரசு. முரசு நோய் இருக்கும் வாயில் கம்பி போட்டால், பல்லைத் தாங்கும் எலும்பு மேலும் வேகமாக அழியும். எம்மவரிடையே சலரோகம் மிகுதி. கட்டுப்பாடற்ற சலரோகம் முரசு நோயைக் கூட்டும். முரசு நோய் சலரோகக் கட்டுப்பாட்டைக் கெடுக்கும். ஆகவே முதலில் சர்க்கரையும் முரசும், அதற்குப் பின்பே கம்பி. புகைப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வெற்றிலை பாக்குப் போடுபவர்கள் அதைக் கைவிட இதை ஒரு காரணமாகக் கொள்ளட்டும். பாக்குத் தனியாகவே புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் அறிவித்துவிட்டது.

இரண்டாவது, மருந்துகள். எலும்பு நலிவுக்காகச் சில மாத்திரைகளோ ஊசிகளோ எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். எலும்பு கரைவதைத் தடுப்பதே அம்மருந்துகளின் வேலை. எலும்பு கரையாவிட்டால் பல் நகராது.

மூன்றாவது, தாடை. வளரும் பிள்ளையின் தாடையின் வளர்ச்சியை ஓரளவு வழிப்படுத்தலாம். வளர்ந்தவரின் தாடை எலும்பே முன்பின்னாக இருந்தால் கம்பி மட்டும் போதாது, சத்திரசிகிச்சையும் தேவைப்படலாம்.

நான்காவது, வாக்குறுதிகள். கம்பி போட்டால் தலையிடி மாறும், தாடை மூட்டு வலி தீரும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்ப வேண்டாம். அதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. அதேபோல, கம்பியைக் கழற்றியதும் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். பல் பழைய இடத்துக்குத் திரும்ப முயலும். அதைப் பிடித்துவைக்கும் ரிரெய்னரை இரவில் ஆண்டுக்கணக்கில் அணிய வேண்டும்.

பணமும் நியாயமும்

இனிப் பணம். பெரியவர் ஒருவருக்கு முழுச் சிகிச்சை என்றால் பல ஆயிரம் டொலர் ஆகும். கியூபெக்கில் 1970இல் தொடங்கிய அரச மருத்துவக் காப்புறுதி எமது இதயத்தையும் ஈரலையும் பார்க்கிறது. வாயை மட்டும் பெரும்பாலும் வெளியே விட்டுவிட்டது. பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் சமூக உதவி பெறுவோருக்கும் குறிப்பிட்ட சில பல் சிகிச்சைகளை அது கொடுக்கிறது. கம்பி அவற்றில் இல்லை. 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டமும் வைத்தியசாலையில் செய்ய வேண்டிய பல் சத்திரசிகிச்சைகளையே காப்புறுதிக்குள் சேர்த்தது. நீதிபதி எமெற் ஹோல் தலைமையிலான அரச ஆணைக்குழு பிள்ளைகளுக்காவது பல் வைத்தியத் திட்டம் வேண்டும் என்று 1964இலேயே பரிந்துரைத்திருந்தது. சமஷ்டி அரசின் பல் பராமரிப்புத் திட்டம் வருவதற்கு அதன் பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் சென்றன. வேறு பல் காப்புறுதி இல்லாத, குடும்ப வருமானம் 90,000 டொலருக்குக் குறைந்தவர்களுக்கான அத்திட்டம் வரவேற்கத்தக்கதே. எனினும் பெரியவர்களின் கம்பிச் செலவுக்கு அதை நம்பி இறங்க வேண்டாம்.

காலில் முறிந்த எலும்பு பொதுச் சொத்தாகவும், வாயில் சாய்ந்த பல் தனிச் சொத்தாகவும் கருதப்படுவது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. மெல்ல முடியாதவர் மென்மையானதையே உண்பார். எமது வீடுகளில் மென்மையானது என்றால் குழைந்த வெள்ளைச் சோறும் தேநீரில் தோய்த்த பிஸ்கற்றும்தான். காய்கறியும் கடலையும் பழமும் தட்டை விட்டுப் போகின்றன. சலரோகக்காரருக்கு அதன் விளைவு என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் செலவை இறுதியில் அதே அரச காப்புறுதிதான் சுமக்கிறது. தேர்தல் காலத்தில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் நாம் இதைக் கேட்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியவை சில உண்டு. வேலைத்தலக் காப்புறுதி இருந்தால், கம்பிச் செலவு பிள்ளைகளுக்கு மட்டுமா பெரியவர்களுக்கும் உண்டா என்று தொடங்குமுன் எழுத்தில் கேட்டு அறியுங்கள். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், அழகுக்காக மட்டும் செய்யாத கம்பிச் சிகிச்சையின் செலவை வருமான வரியில் மருத்துவச் செலவாகக் காட்டலாம். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில், நிபுணத்துவப் பயிற்சி பெறும் பல் வைத்தியர்கள் மூத்த நிபுணர்களின் மேற்பார்வையில் கம்பிச் சிகிச்சை செய்கிறார்கள். கட்டணம் வெளியிடத்தைவிடக் குறைவு. காத்திருக்கும் பொறுமை வேண்டும்.

வெட்கம் எதற்கு?

கடைசியாக ஒன்று. அழகுக்காக அல்ல, தேவைக்காகவே என்று இதுவரை எழுதினேன். ஆனால் முப்பது வருடங்களாகக் கலியாண வீட்டுப் படங்களில் வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்தக் கோடு அவ்வளவு தெளிவானதல்ல. பெண் பார்க்க வந்தவர்கள் "பல்லு கொஞ்சம் மிதப்பு" என்று சொல்லிவிட்டுப் போன சொல்லை ஐம்பத்தைந்து வயதிலும் மறக்காதவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் தம்பியை இங்கு கூப்பிடவும், பிள்ளைகளைப் படிப்பிக்கவும் உழைத்த பின், தன் சம்பாத்தியத்தில் ஒரு பங்கைத் தன் வாய்க்குச் செலவழிக்க அவர் விரும்பினால், அதைப் பார்த்துச் சிரிக்க எமக்கு என்ன உரிமை உண்டு? சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். இரண்டு வருடத்தின் பின் அவரும் சிரிப்பார்.

அன்பர்களே, அடுத்த முறை பல் சுத்தம் செய்யப் போகும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் பற்கள் தேய்கின்றனவா? என் முரசும் எலும்பும் எந்த நிலையில் உள்ளன? என் கடியை இப்படியே விட்டால் பத்து வருடத்தில் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்று பதில் வந்தால் மகிழ்ச்சியோடு வீடு திரும்புங்கள். ஆகும் என்று பதில் வந்தால் பற்சீரமைப்பு நிபுணர் ஒருவரைப் பாருங்கள். இயன்றால் இரண்டாமவர் ஒருவரின் கருத்தையும் பெறுங்கள். வயதைக் காரணம் காட்டி மட்டும் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஐம்பது வயதானவருக்கு இன்னும் முப்பது வருடச் சாப்பாடு இருக்கிறது.