நாதஸ்வரமும் ஒலிவாங்கியும்

தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1933 இல் பிறந்து 1975 இல் மறைந்தார். அவருடைய வாசிப்பை நேரிற் கேட்டோர் தொகை ஆண்டுதோறும் அருகி வருகின்றது. அம்ஷன் குமார் அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படம் 2015 ஆம் ஆண்டுக்குரிய இந்திய தேசிய விருதைப் பெற்றது. எனினும் இன்றைய மாணவனைப் பொறுத்தவரை எஞ்சிய ஒலிப்பதிவுகளின் அளவே அக்கலைஞனின் அளவு. அக்காலத்திற் கருவி அரிது என்று கூறி ஆறுதலடையலாம். இக்காலத்தில் அந்த ஆறுதலுக்கு இடமில்லை.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் நடைபெறும் திருவிழாவோ கச்சேரியோ பதிவு செய்யப்படாமற் போவது இன்று அரிது. ஆயினும் அப்பதிவுகளிற் பெரும்பாலானவற்றில் நாதஸ்வரம் தகரக்குழலாகவும் தவில் மரப்பெட்டியாகவும் ஒலிக்கின்றன. ஏன் என்று வினவினால், ‘நல்ல மைக் இல்லை’ என்னும் ஒரே விடை கிடைக்கின்றது. அவ்விடை பொய். பணம் திரட்டிக் கொண்டன்சர் ஒலிவாங்கியை வாங்குவோரும் அதனைக் கொண்டுபோய் நாதஸ்வரத்தின் அணைசுக்குள்ளேயே நாட்டுகின்றனர். விலை மாறியதேயன்றி வழக்கம் மாறவில்லை.

அமெரிக்காவில் ஈ. சி. வென்ற் 1916 இல் உருவாக்கிய கருவி இது. 1928 இல் பேர்லினில் கேயோர்க் நொய்மன் தொடங்கிய நிறுவனம் இதனை உலகின் ஒலிப்பதிவுக் கூடங்களுக்குக் கொண்டு சென்றது. மிக மெல்லிய மென்றகடு ஒன்று அசையாத தகடு ஒன்றின் அருகே அதிர்கின்றது. இரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் மாறும்போது மின்னழுத்தமும் மாறுகின்றது. மேடைகளிற் சாதாரணமாகக் காணப்படும் ஒலிவாங்கியின் மென்றகடோ கம்பிச்சுருளொன்றைச் சுமந்துகொண்டு அதிர வேண்டும். தவிலின் தொப்பியிற் கழி விழும் கணத்தையும், வலந்தலையில் விரற்கூடு பதியும் கணத்தையும் அச்சுமை மழுங்கச் செய்கின்றது. கொண்டன்சரின் சிறப்பு அதன் விலையிலன்று, இந்தக் கணத்தைத் தவறவிடாமையிலேயே உள்ளது.

ஆனால் நுண்ணிய செவியைத் தவறான இடத்தில் வைத்தால் அது தவற்றையே நுண்மையாகக் கேட்கும். நாதஸ்வரத்தின் ஒலி அணைசின் வழியாக மட்டும் வெளிவருவதில்லை. விரல் திறக்கும் துளைகள் வழியாகவும் அது பிறக்கின்றது. தாழ்ந்த அதிர்வுகளிற் பெரும் பங்கு அங்குதான் வெளியேறுகின்றது, உயர்ந்த அதிர்வுகளே அணைசை நாடிச் செல்கின்றன. எனவே அணைசின் வாயில் நாட்டிய ஒலிவாங்கி கேட்பது கீச்சொலியையே. தகரக்குழல் உண்டாவது இவ்வாறுதான். தவிலின் கதியும் இதுவே. அதன் இரு முகங்களுக்கும் இரு குரல்கள். ஒன்றை ஒட்டி வைத்த ஒலிவாங்கிக்கு மற்றையது அயல்வீட்டுச் சத்தம். திசைநோக்கிய ஒலிவாங்கிகள் அண்மையிலுள்ள ஒலியின் தாழ்ந்த பகுதியை மிகைப்படுத்தும் இயல்புடையன என்பதையும் இங்கு சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று மீற்றர் எட்டத்தில், வாசிப்போர் தலைக்குச் சற்று மேலாக ஒரு சோடி ஒலிவாங்கிகளை நிறுத்தினால் இக்குறைகளிற் பெரும்பாலானவை நீங்கும்.

வீணையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. 1920 இல் மிருதங்கத்தின் சுருதியியைபையும், அடுத்த ஆண்டு வீணைக் குதிரையின் வளைந்த பரப்பு எழுப்பும் மேற்சுரங்களையும் சி. வி. இராமன் ஆராய்ந்து எழுதினார். அவர் வியந்த மேற்சுரங்களின் மீது இன்று ஒட்டுவில்லை ஒன்றைப் பதித்துக் கம்பியின் அதிர்வை மட்டும் உறிஞ்சி எடுத்து, அதனை வீணை என்று விற்கின்றனர். குடத்திலிருந்து காற்றில் எழுந்து வரும் நாதத்தை அந்த வில்லை அறியாது.

இதற்கு மறுப்புகள் உண்டு. கொண்டன்சர் எல்லாவற்றையும் கேட்கும். காலி வீதியின் பஸ்ஸையும், கரையோரப் புகையிரதத்தையும், காகத்தையும், மின்விசிறியையும் கேட்கும் என்பர். உண்மை. அதற்கு மருந்து இடமும் வேளையும் தெரிந்து பதிவதேயன்றிச் செவியை மூடிக்கொள்வதன்று. கடற்காற்றின் ஈரம் அதற்கு ஆகாது என்பது இன்னொரு மறுப்பு. ஈரம் பட்டால் அது பொரிந்து ஒலிப்பதும் உண்டு. ஆனால் சென்னையும் கடற்கரை நகரமே. அங்குள்ள கூடங்கள் இவற்றைக் கொண்டே இயங்கி வருகின்றன. காற்றுப் புகாத பெட்டியும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளும் எவருக்கும் எட்டாத பொருள்கள் அல்ல.

வலுவான மறுப்பு ஒன்றே. எட்ட வைத்த ஒலிவாங்கியை ஒலிபெருக்கியோடு இணைத்தால் மண்டபம் ஊளையிடும். ஆதலாற்றான் அணைசை நாட வேண்டியுள்ளது என்பர். பெருக்குவதற்கும் பதிவதற்கும் ஒரே ஒலிவாங்கி போதும் என்று எவர் விதித்தார்? அன்றியும், செட்டியார்தெருவிலிருந்து பம்பலப்பிட்டி வரை செல்லும் ஆடிவேல் ஊர்வலத்தில், திறந்த வீதியில், மின்சாரத்தின் துணையின்றி ஒலிக்கவல்ல கருவிக்குச் சுவரும் கூரையும் உள்ள மண்டபத்தில் ஒலிபெருக்கி எதற்கு? ஊதுபவருக்கு அது தேவையில்லை. கதைத்துக்கொண்டிருக்கும் சபையின் மேலாகக் கேட்பதற்கே அது தேவைப்படுகின்றது.

பல்கலைக்கழக விழாக்களுக்கு வரும் நாதஸ்வரக் குழுவினர் மங்கல இசை முடிந்ததும் வழியனுப்பப்படுகின்றனர். அவர்களுள் மூத்தோரை மண்டபம் வெறுமையாயிருக்கும் முற்பகலில் ஒரு மணி நேரம் அமரச் செய்து, மின்விசிறிகளை நிறுத்தி, விரும்பிய இராகத்தை விரும்பிய அளவு வாசிக்க விடலாம். கலைப்பீட மாணவர் இராகத்தையும் குரு மரபையும் குறித்துக்கொள்ள, பௌதிகவியல் மாணவர் ஒலிவாங்கிகளை நிறுத்தட்டும். அந்த ஒரு மணி நேரத்திற்குரிய சன்மானம் மங்கல இசைக்கான தொகையில் அடங்காது, தனியாகவே வழங்கப்படல் வேண்டும்.