குடும்ப அட்டை இல்லாத பிராணி

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், ஓர் உருக்காலையில் வேலை பார்க்கும் வாசகர் கேட்கிறார்: ‘என் பையன் புத்தகத்தில் இக்தியோசார் என்று ஒரு படம். டைனோசர் என்கிறான் அவன். மீன் என்கிறாள் என் சம்சாரம். எனக்கு டால்பின் மாதிரி தெரிகிறது. யார் சொல்வது சரி?’

சம்சாரம் சொல்வதுதான் சரி என்று எழுதிவிட்டால் உங்கள் வீட்டில் அமைதி நிலவும். ஆனால் விஞ்ஞானம் விடமாட்டேன் என்கிறதே! மூன்றுமே தப்பு சார்.

இக்தியோசார் என்றால் கிரேக்கத்தில் ‘மீன்பல்லி’. ஊர்வன வகை. தரையில் திரிந்த அதன் மூதாதைகள், என்ன கோபமோ, மறுபடி கடலுக்கே போய்விட்டன. இது நடந்து சுமார் 25 கோடி வருஷம் ஆகிறது. டைனோசர்கள் வேறு கிளை. அவை 6.6 கோடி வருஷத்துக்கு முன் அழிந்தன; இது அதற்கும் முன்பே, 9 கோடி வாக்கில் கணக்கை முடித்துக்கொண்டது.

அடுத்தமுறை பழவேற்காட்டில் மீன் வாங்கும்போது வாலைப் பாருங்கள். செங்குத்தாக நிற்கும். டால்பினுக்கு வால் படுக்கை வசம். இக்தியோசாருக்கும் மீன் போலச் செங்குத்துதான், ஆனால் முதுகெலும்பு வளைந்து வாலின் கீழ்மடலுக்குள் இறங்கும். செவுள் கிடையாது; மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். துடுப்புக்குள் விரல் எலும்புகள், மக்காச்சோள முத்து மாதிரி நெருக்கி அடுக்கியிருக்கும். முட்டையிடாது, குட்டி போடும். வயிற்றில் குட்டிகளோடு கல்லாகிப்போன தாய்களை ஜெர்மனியில் எடுத்திருக்கிறார்கள்.

‘ஜெர்மனி இருக்கட்டும், நம்ம ஊரில்?’ என்பீர்கள். இருந்தது. திருச்சியிலிருந்து பெரம்பலூர் போகும் வழியில், பாடாலூருக்குக் கிழக்கே, காரை என்றொரு கிராமம். மழை அரித்த களிமண் மேடுகள். சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன் அது கடல். அந்தக் காலத்துத் திருச்சி ஜில்லாவில் கிடைத்த சில முதுகெலும்பு வட்டுகளை வைத்துக்கொண்டு 1879-ல் ரிச்சர்ட் லைடெக்கர் என்ற வெள்ளைக்காரர் ‘இக்தியோசாரஸ் இண்டிகஸ்’ என்று பெயர் சூட்டினார்.

வட்டு என்றால், இரண்டு பக்கமும் குழிவிழுந்த இட்லி மாதிரி. இக்தியோசாருடையது என்று அடித்துச் சொல்லலாம். எந்த இக்தியோசார் என்றுதான் சொல்ல முடியாது. உங்கள் ஆலை ஸ்கிராப் குவியலில் ஒரு வீல் நட்டை எடுத்துப் பாருங்கள். வண்டியிலிருந்து வந்தது என்று தெரியும். லாரியா, பஸ்ஸா, எந்தக் கம்பெனி, எந்த மாடல்? எஞ்சினோடு, சேஸிஸோடு வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வீர்கள்.

அதனால்தான் பின்னால் வந்த நிபுணர்கள், ‘அந்தப் பெயர் சந்தேகத்துக்குரியது’ என்று கையை விரித்துவிட்டார்கள். மாறாக, குஜராத்தில் கட்ச் பகுதி லோடாய் கிராமத்தில் கிடைத்து 2017-ல் அறிவித்தார்களே, அதைப் பாருங்கள். சுமார் ஐந்தரை மீட்டர், கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு. உடனே ‘ஆஃப்தால்மோசார் குடும்பம்’ என்று எழுதிவிட்டார்கள். அதற்குக் குடும்ப அட்டை கிடைத்துவிட்டது. நம்முடையதற்கு இல்லை.

இனிமேல் கிடைக்குமா? காரை மண்ணில் இன்னும் ஒரு மண்டையோடு, ஒரு துடுப்பு வெளியே வந்தால் கிடைக்கலாம். அங்கேதான் வயிற்றெரிச்சல். அதே வட்டாரத்தில், சாத்தனூரில், 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் அடையாளம் காட்டிய 18 மீட்டர் கல்மரம் இருக்கிறது. அதற்கு வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். உள்ளங்கையில் அடங்குகிற எலும்புக்கு யார் வேலி போடுவது? பிக்னிக் போகிறவர்கள், ‘அட, டிசைன் நல்லாருக்கே!’ என்று பையில் போட்டுக்கொண்டு வந்தால் கதை முடிந்தது. எந்த மேடு, எந்த மண்ணடுக்கு, பக்கத்தில் வேறென்ன எலும்பு என்ற விவரம் போய்விட்டால் அப்புறம் அது வெறும் கல். ஸ்கிராப்பாவது உருகிக் கம்பியாகும். இது எதற்கும் ஆகாது.

பையனைக் காரைக்கு அழைத்துப் போங்கள். பார்க்கட்டும், போட்டோ எடுக்கட்டும். தொட்டதைத் தொட்ட இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் புவியியல் படித்தவர்களிடம் இடத்தைச் சொல்லுங்கள். திரும்பும்போது அரியலூர் பக்கம் வாரணவாசியில் ஃபாசில் மியூசியத்தையும் காட்டுங்கள்.

10 கோடி வருஷமாகக் கியூவில் நிற்கிற பிராணி. அதன் கார்டுக்கு வேண்டிய ஆதாரம் நம் வீட்டு ஷோகேஸில் உட்கார்ந்திருக்கக் கூடாது.