வாடகை வீடா, வட்டி வீடா?

சென்ற ஆனி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்கூடத்துப் பாடக் குறிப்பை எழுதலாமா, அல்லது இன்னும் ஒரு தம்ளர் காப்பி சாப்பிட்டுவிட்டு எழுதலாமா என்று நாம் தீவிர யோசனையில் ஆழ்ந்திருந்த சமயம், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவள் பதினான்கு வருஷங்களுக்கு முன் நம்மிடம் பத்தாம் வகுப்பில் கணக்குப் படித்த பெண். ஓட்டி வந்தவர் அவளுடைய கணவர். இருவருக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு வந்தவள் ஆறு வயதுக் குழந்தை.

"ஸார்! ஸ்ரீபெரும்பூதூர்ப் பக்கம் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். வாங்கலாமா, வேண்டாமா என்று நீங்கள்தான் கணக்குப் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றாள்.

நாம் ஆயுளில் ஒரு வீடும் வாங்கினவர்கள் அல்ல. ஆனால் பழைய மாணவி வந்து கணக்கு என்று சொன்னால், தெரியாது என்று சொல்ல எந்த உபாத்தியாயருக்குத்தான் மனம் வரும்? "ஆகட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டோம்.

கணவருக்கு ஒரகடத்தில் மோட்டார் உறுப்புகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. மாதச் சம்பளம் 32,000 ரூபாய். அவளுக்கு ஸ்ரீபெரும்பூதூரில் ஒரு மருந்துக் கடையில் கணக்கு எழுதும் வேலை, 13,000 ரூபாய். வீடு, ஸ்ரீபெரும்பூதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயில் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே, புதிதாக மனை பிரித்த ஓர் இடத்தில் இருக்கிறது. கால் கிரவுண்டு மனை. ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, சமையலறை, மாடிப்படி. விலை 34 லட்ச ரூபாய்.

"எட்டு வருஷத்தில் ஐந்து வீடு மாறியாயிற்று, ஸார். சுவரில் ஓர் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். அம்மா வந்து நான்கு நாள் தங்கினால், தண்ணீர் அதிகம் செலவாகிறது என்கிறார்கள். குழந்தை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறாள் என்று கதவோரத்தில் பென்ஸிலால் கோடு போட்டு வைப்பேன். வீடு காலி செய்யும்போதெல்லாம் அதை அழித்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. மாதம் ஒன்பதினாயிரம் வாடகை கொடுத்தும் என்ன மிச்சம்? அவ்வளவும் தண்ணீரில் போட்ட பணந்தானே?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

அவள் சொன்னதில் முக்கால் பங்கு வாஸ்தவம். சொந்த வீட்டு ஆசையைப் பேராசை என்று சொல்லிவிடுகிறவர்கள் பெரும்பாலும் சொந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்கிறார்கள். ஆனால் அவள் கடைசியாகச் சொன்னாளே, அந்தக் கால் பங்கில்தான் தகராறு. ஆகையால் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம்.

34 லட்சத்துக்குக் கிரயப் பத்திரம் எழுதினால் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் எல்லாமாகச் சேர்ந்து நூற்றுக்கு 9 வீதம் 3,06,000 ரூபாய் ஆகிறது. ஆக மொத்தம் 37 லட்சம். கையில் இருப்பது 5 லட்சம். நகைகளை விற்றால் 4 லட்சம். மாமியார் கொடுப்பதாகச் சொன்னது 3 லட்சம். பாக்கி 25 லட்சத்தைப் பாங்கியில் நூற்றுக்கு எட்டரை வட்டியில் இருபது வருஷக் கடனாக வாங்கவேண்டும். மாதத் தவணை ஏறக்குறைய 21,700 ரூபாய்.

"முதல் மாதம் கட்டுகிற 21,700-ல் அசலில் எவ்வளவு கழியும், சொல்லு பார்க்கலாம்" என்று கேட்டோம். பழைய வகுப்பு ஞாபகத்தில் அவள் பென்ஸிலை வாங்கிக்கொண்டு போட்டாள். 25 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 17,700 ரூபாய். அசலில் கழிவது நாலாயிரந்தான்! வாடகை ஒன்பதினாயிரத்தைத் தண்ணீரில் போட்டதென்று சொன்னால், இந்தப் பதினேழாயிரத்து எழுநூறை எதில் போட்டதென்று சொல்வது? இருபது வருஷத்தில் கட்டி முடிப்பது 52 லட்சத்துக்கு மேல்; அதில் 27 லட்சம் வட்டி. வருஷம் போகப்போக வட்டி குறைந்து அசல் ஏறும் என்பது உண்மை. வீட்டின் விலையும் ஏறலாம். ஆனால் ஏறத்தான் வேண்டுமென்று எந்தச் சட்டமும் இல்லை.

கணவர் அதுவரையில் பேசாமல் இருந்தார். இப்போது அவர் ஒரு நியாயம் சொன்னார். "என் வேலைக்கு ஆபத்து வந்தால்கூடப் பயமில்லை, ஸார். வீட்டை ஒன்பதினாயிரத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டு ஊரில் அப்பா வீட்டில் போய் இருந்துகொள்வோம். தவணையில் மிச்சம் 12,700. அது இவள் சம்பளத்துக்குள்தான் இருக்கிறது."

இது சாமானியமான யோசனை அல்ல. வீடு வாங்குகிறவர்களில் எத்தனை பேர் வேலை போகிற நாளைப்பற்றி நினைக்கிறார்கள்? ஆனால், அவருக்கு வேலை போகிற நாளில் அந்த வீட்டுக்கு ஒன்பதினாயிரம் கொடுத்துக் குடிவரப்போகிறவர் யார்? அங்கே வாடகைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதே சாலையில் உள்ள தொழிற்சாலைகளை நம்பி வருகிறவர்கள். இவருடைய சம்பளம், வீட்டின் வாடகை, வீட்டின் விலை ஆகிய மூன்றும் ஒரே தூணில் சாய்ந்துகொண்டிருக்கின்றன. தூண் அசைந்தால் மூன்றும் சேர்ந்துதான் அசையும்.

ஸ்ரீபெரும்பூதூர் தொழிற்சாலைகளால் உண்டான ஊர் அல்ல. ஸ்ரீ ராமானுஜர் 1017-ஆம் வருஷத்தில் அவதரித்த ஸ்தலம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலும் கடைத்தெருவும் தாலுக்கா கச்சேரியும் உள்ள பழைய ஊர். தொழிற்சாலைகள் வந்தது நேற்று. இருங்காட்டுக்கோட்டையில் கொரியா தேசத்து ஹூண்டாய் கம்பெனி 1998-ல் கார் செய்யத் தொடங்கியது. பிறகு சாலையின் இரு பக்கமும் கம்பெனிகள் முளைத்தன. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர் லாரிகள், 2013-ல் ராயல் என்பீல்டு மோட்டார் சைக்கிள்கள். நம் பிள்ளைகள் கையால் பூட்டிய கார்கள் கப்பலேறி அயல் தேசங்களுக்குப் போகின்றன என்பதில் நமக்குப் பெருமை இல்லாமல் இல்லை.

ஆனால் நோக்கியாவின் கதையையும் நினைக்கவேண்டும். 2006-ல் கைபேசி செய்யத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, வரித் தகராறும் வியாபார வீழ்ச்சியுமாகச் சேர்ந்து 2014-ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதி மூடப்பட்டது. அடுத்த மாதமே அதற்கு உறுப்புகள் செய்துகொண்டிருந்த பாக்ஸ்கான் ஆலையும் வேலையை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலை இழந்தார்கள். நோக்கியாவின் இடத்தை வாங்கச் சால்காம்ப் என்ற கம்பெனி முன்வந்தது 2019-ல். நடுவில் ஐந்து வருஷம். பாங்கிக்காரர் ஐந்து வருஷம் பொறுத்திருப்பாரா? அந்தப் பக்கம் மறைமலை நகரில் போர்டு கம்பெனியும் 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது.

ஒரே தொழிலை நம்பிய ஊரின் கதி இன்னதென்று அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரம் காட்டியிருக்கிறது. மோட்டார் கார்களின் தலைநகரம் அது. 1950-ல் அங்கே 18 லட்சத்துக்கு மேல் ஜனங்கள். 2010-ல் ஏழு லட்சத்துச் சொச்சம். வீடுகள் ஆயிரம் டாலரிலிருந்து ஏலம் கேட்கப்பட்டன. ஆனால் இந்த உதாரணத்தை ரொம்ப தூரம் இழுத்தால் அறுந்துவிடும். நம்முடைய சாலையில் கார், லாரி, கைபேசி, கண்ணாடி என்று பலவகைத் தொழில்கள் இருக்கின்றன. ஒரு கதவு சாத்தினால் இன்னொன்று திறக்க இடம் உண்டு. பாக்ஸ்கானே பின்னால் பன்மடங்காகத் திரும்பி வந்ததை நாம் பார்த்தோம்.

"அப்படியானால் ஆட்கள் பெருகப் பெருக வாடகைக்கு ஆள் கிடைக்குந்தானே?" என்றார் கணவர். வருகிற ஆட்களில் பெரும் பகுதி கல்யாணமாகாத இளம் பெண்கள். அவர்கள் இருப்பது விடுதிகளில். விடுதிச் சாப்பாட்டால் பலருக்கு உடம்புக்கு வந்து, 2021 டிசம்பரில் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தது நேயர்களுக்கு நினைவிருக்கும். பிறகு வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 18,720 பேர் தங்கும் விடுதியைக் கட்டி, 2024 ஆகஸ்டில் முதல் மந்திரி திறந்துவைத்தார். நல்ல காரியம். ஆனால் அந்தப் பதினெட்டாயிரம் பேரில் ஒருவரும் நம்முடைய மாணவியின் கூடத்தையும் சமையலறையையும் வாடகைக்குக் கேட்டு வரப்போவதில்லை.

நிற்க. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டைப் பார்க்கப் போனோம். தரகர் ஒருவர் முன்னால் வந்து நின்றார். பரந்தூர் விமான நிலையத்தைப்பற்றி அவர் வர்ணித்ததைக் கேட்டால், ஆகாய விமானம் அந்த வீட்டு மொட்டைமாடியிலேயே வந்து இறங்கும் என்று தோன்றும். 2022-ல் அறிவித்த அந்தத் திட்டத்துக்காக நிலத்தை விட மாட்டோமென்று ஏகனாபுரத்து ஜனங்கள் போராடத் தொடங்கியதைப்பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. விலையில் ஆறு லட்சத்தைப் பத்திரத்தில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுத்துவிட்டால் முத்திரைச் செலவு மிச்சம் என்றும் சொன்னார். வீட்டு முன்பணத்தில் இருபதினாயிரமும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது சட்ட விரோதம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். பத்திரத்தில் இல்லாத பணத்துக்குப் பாங்கி கடன் கொடுக்காது. நாளைக்கு வியாஜ்யம் என்று வந்தால் கோர்ட்டிலும் அதைக் காட்ட முடியாது. நேர்மையாகச் சம்பாதித்த பணத்தை ஏன் திருட்டுப் பணமாக்கிக் கொடுக்கவேண்டும்?

தஸ்தாவேஜுகள் நாம் பயந்ததற்கு மாறாகச் சுத்தமாக இருந்தன. தாய்ப் பத்திரம், முப்பது வருஷ வில்லங்கச் சான்று, பட்டா எல்லாம் ஒத்துப்போயின. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று சென்னை ஹைக்கோர்ட் 2016-ல் தடுத்த பிறகு எத்தனையோ குடும்பங்கள் தவித்தன. இந்த மனைக்கு அங்கீகாரம் இருந்தது. பாகம் பிரித்த பத்திரத்தில் பெண் வாரிசுகளின் கையெழுத்தும் இருந்தது. அநேகர் கோட்டை விடுவது அந்த இடத்தில்தான்.

கிராமத்து நில அளவைப் படத்தைப் பார்த்தபோதுதான் ஒரு சொல் கண்ணில் பட்டது. வீட்டுக்கு மூன்று மனை தள்ளி உள்ள சர்வே நம்பரில் 'தாங்கல்' என்று எழுதியிருந்தது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஜில்லாக்களில் தாங்கல் என்றால் சிறிய ஏரி. மழை நீரைத் தாங்கி வைப்பதற்காக முன்னோர்கள் கட்டியது. மனை விற்பவர்கள் பலகையில் புதிய 'நகர்' பெயரை எழுதிக்கொள்ளலாம். தண்ணீருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அது பழைய விலாசத்துக்குத்தான் வரும். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் வந்தபோது, அந்த ஆறு உற்பத்தியாவது மணிமங்கலம், ஆதனூர் ஏரிகளின் பக்கத்தில் என்பதை எத்தனை பேர் அறிந்திருந்தார்கள்? சென்னையில் தியாகராய நகரமே ஏரியின் மேல் எழும்பியதுதான் என்று தரகர் சொன்னார். 1920-களில் மாம்பலத்து நீண்ட ஏரியை வடித்துத்தான் அதை நிர்மாணித்தார்கள் என்பது சரி. மழைக் காலத்தில் அந்தத் தெருக்களில் நடந்துபார்த்தவர்களிடம் அவர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

பக்கத்து வீட்டு அம்மாளை விசாரித்தோம். "தண்ணீரா? வரும், போகும்" என்றாள். எவ்வளவு வரும், எப்போது போகும் என்பதற்குப் பதில் இல்லை. சொன்னால் தன் வீட்டு விலையும் குறையுமே!

வீடு தை மாதத்திலிருந்து காலியாக இருக்கிறது என்ற செய்தியும் அந்த அம்மாளிடமிருந்துதான் கிடைத்தது. அதிலிருந்துதான் நமக்கு ஒரு யோசனை தோன்றியது. "வாங்கவேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த வீட்டையே பதினொரு மாதத்துக்கு வாடகைக்குக் கேளுங்கள். ஒரு மழைக்காலம் இதில் குடியிருந்து பாருங்கள். வாடகை ஒன்பதினாயிரம் போக, தவணைக்கு வேண்டிய பாக்கி 12,700 ரூபாயை, கடன் வாங்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மாதம் தவறாமல் பாங்கியில் போடுங்கள். பதினொரு மாதத்தில் 1,39,700 சேரும். அது ஆறு மாதத் தவணைக்குக் கையிருப்பு. நகைகள் பெட்டியிலேயே இருக்கட்டும்" என்றோம்.

கணவருக்கு இது பிடிக்கவில்லை. பதினொரு மாதத்தில் விலை ஏறிவிடும் என்றார். ஏறினால் நஷ்டம் இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ. அது பெரிய தொகைதான். தவறான வீட்டில் அகப்பட்டுக்கொண்டால் வரும் நஷ்டத்துக்குக் கணக்கு இருபது வருஷம். அவள் இரண்டு நாள் யோசித்தாள். வீட்டுக்காரரும் காலி வீட்டுக்கு வாடகை வந்தால் போதுமென்று சம்மதித்தார். ஆடியில் குடிபோகக் கூடாதென்று ஆவணியில் போனார்கள்.

ஆவணியில் 12,700 போட்டார்கள். புரட்டாசியில் மாமியாருக்குக் கண் சிகிச்சை வந்து, ஒன்றும் போட முடியவில்லை. "பாங்கியாக இருந்தால் விட்டிருப்பார்களா, ஸார்?" என்று அவளே கேட்டாள். ஐப்பசியில் மறுபடியும் போட்டார்கள்.

சென்ற வாரம் இரண்டு இரவு நல்ல மழை. மறுநாள் காலையில் தொலைபேசியில் கூப்பிட்டாள். வாசலில் மூன்று படிகள். இரண்டு படி முழுகிவிட்டதாம். பத்து மணிக்குள் வடிந்தும் விட்டதாம். அதே சமயத்தில் தரகர் வந்து, வேறு ஒருவர் 35 லட்சத்துக்குத் தயாராக இருக்கிறார், இன்றைக்கே முன்பணம் கொடுத்தால் உங்களுக்குத்தான் என்று அவசரப்படுத்தினாராம். கார்த்திகை மழை முடியாமல் பதில் சொல்வதற்கில்லை, வேறு ஆள் வந்தால் வரட்டும் என்று அவள் சொல்லி அனுப்பிவிட்டாள். கணவர் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

வாடகைக்கு மாதா மாதம் ரசீது வாங்கிக்கொள்ளும்படி அவளுக்குச் சொல்லி வைத்தோம்.