பூட்டுக்கும் ஒரு வரிசை உண்டு

முத்துக்குளித்த நம் கடற்கரையில், ஒரே கல்லை இருவர் முறை வைத்துப் பிடித்து மூழ்குவது மரபு. ஒருவர் கடலடியில் இருக்க, மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். முறை தவறினால் என்னவாகும்? ஒருவர் கல்லைப் பற்றிக்கொண்டு கூடைக்குக் காத்திருப்பார். மற்றவர் கூடையைப் பற்றிக்கொண்டு கல்லுக்குக் காத்திருப்பார். பொழுது சாயும், ஒரு சிப்பியும் தோணிக்கு வராது.

கணிப்பொறியிலும் இதே கதைதான். விசைப்பலகையில் தட்டும் எழுத்தை வாங்கி, நிரலுக்குக் கொடுத்து, திரையிலும் காட்டுவது முனைய இயக்கி. பல வேலைகள் ஒரே நேரத்தில் அதைத் தொட வருவதால் பூட்டுகள் வேண்டும். ஒரு பூட்டைப் பிடித்தபடியே மற்றொன்றைத் தேடும்போதுதான் ஆபத்து.

‘எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய பூட்டுப் போதாதா?’ என்பர் நண்பர்கள். லினக்ஸ் அதையும் செய்து பார்த்தது. 1996-ல் வந்த 2.0 பதிப்பின் பெரிய கெர்னல் பூட்டைப் பிடித்தவரே மறுபடியும் பிடிக்கலாம். வசதிதான், ஆனால் எந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்பதே மங்கிப் போயிற்று. 2010-ல் ஆர்ன்ட் பெர்க்மன் முனையப் பகுதிக்குத் தனிப் பூட்டு அமைத்தார். 2011-ல் 2.6.39 பதிப்போடு பெரிய பூட்டு அடியோடு நீங்கியது. 2012-ல் ஆலன் காக்ஸ் முனையத்துக்கொரு பூட்டு என்று பிரித்தார். போலி முனையத்துக்கோ இரண்டு முனைகள். இரண்டையும் சேர்த்துப் பூட்ட வேண்டிய இடங்களும் உண்டு. அங்கே, நினைவகத்தில் எதன் முகவரி சிறியதோ அதையே முதலில் பூட்டுவது என்று விதி செய்தார். எப்பக்கமிருந்து வந்தாலும் வரிசை ஒன்றே, முட்டுக்கட்டைக்கு வழியேது?

நானும் தவறியவன்தான். செய்முறைத் தேர்வுக்கு முந்திய நாள் என் நிரல் அசையாமல் நின்றது. நடுவில் ஒரு பூட்டைத் திறந்துவிட்டேன். நிரல் ஓடியது, மதிப்பெண்ணும் வந்தது. ஆனால் அந்த இடைவெளியில் வேறொருவர் புகுந்து தரவைக் கெடுக்கலாம் என்பது பின்னரே உறைத்தது. நோயை மறைத்தேனேயன்றித் தீர்க்கவில்லை.

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். நிரல் ஓடுகிறதா என்று பார்க்குமுன், பூட்டுகளின் வரிசையைப் பதிவேட்டின் முதற் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவன் அந்த நிரலை இன்னும் அறியவில்லை என்பதே என் துணிபு. மூழ்குமுன் முறை பேசிக்கொள்ள வேண்டும். மூழ்கிய பின் பேச முடியாதல்லவா?